காங்கோ முதல் கொமோரோஸ் வரை: கூலிப்படைகளை அனுப்பியது யார், செத்தது யார்?

#1 நெடுவழி

2020 பிப்ரவரியில் டர்பனில் கூலிப்படைத் தலைவர் மைக் ஹோர் இறந்தபோது அவருக்கு வயது நூறு. அப்போது வந்த இரங்கல் குறிப்புகளை இந்த வாரம் மறுபடி படித்தேன். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை, பர்மா போர்முனை, டர்பனில் கணக்காளர் வேலை, அப்புறம் காங்கோவில் "மேட் மைக்". முழுக்க முழுக்கச் சாகசக் கதை. அந்தக் கதையில் காங்கோக்காரர் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. அந்தக் கோபத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1960-லிருந்து 1980-களின் கடைசிவரை ஆப்பிரிக்காவில் சண்டை போட்ட வெள்ளைக் கூலிப்படைக்காரர்களைத் தன்னந்தனியாகக் கிளம்பிய சாகசக்காரர்களாகப் பார்ப்பது தவறு. பெரும்பாலானவர்கள் பின்னால் ஒரு சுரங்க நிறுவனமோ, உளவுத்துறையோ, ஊரைவிட்டுப் போன பழைய எஜமான நாடோ இருந்தது. அந்த நாடுகள் தங்கள் கொடியோடு செய்ய முடியாத வேலையை இவர்களை வைத்துச் செய்துகொண்டன.

காங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஜூன் 30-ல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. ஐந்து நாளில் ராணுவத்தில் கலகம். காரணம் எளிது: சிப்பாய்கள் எல்லாரும் கறுப்பர், அதிகாரிகள் எல்லாரும் பெல்ஜியர். அவர்களின் தளபதி ஜான்சன்ஸ், வீரர்களைக் கூட்டிவைத்து, "விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். எதுவும் மாறாது என்று அர்த்தம். கலகம் வராமல் என்ன செய்யும்?

ஜூலை 11-ல் தெற்கே கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று மொய்ஸ் ஷோம்பே அறிவித்தார். செம்பும் கோபால்ட்டும் அங்கேதான். ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி போனதும் அங்கிருந்த ஷின்கொலோப்வே சுரங்கத்திலிருந்துதான். ஷோம்பேயின் படையை முதலில் நடத்தியவர்கள் பெல்ஜிய அதிகாரிகள். அப்புறம் அல்ஜீரியப் போரில் பழகிய பிரெஞ்சு அதிகாரிகளும், தென்னாப்பிரிக்கா, ரொடீசியாவிலிருந்து திரட்டிய ஆட்களும் சேர்ந்தார்கள். காங்கோவின் பிரதமர் லுமும்பாவை அந்தக் கட்டாங்காவுக்கே கொண்டுபோய் 1961 ஜனவரி 17 இரவு சுட்டுக் கொன்றார்கள். சுடும்போது பெல்ஜிய அதிகாரிகள் அருகில் நின்றார்கள்.

இதைப் பற்றிப் படித்தவர்கள், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

#2 பழைய தபால்தலை

கட்டாங்காவை நான் தபால்தலை வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் பெல்ஜியக் காங்கோ தலைகள்மேலேயே "கட்டாங்கா" என்று அச்சடித்து விட்டார்கள். 1961-ல் சொந்தத் தலைகள் வந்தன. உலகத்தில் ஒரு நாடும் முறைப்படி அங்கீகரிக்காத அரசுக்குத் தபால்தலை, நாணயம், வங்கி எல்லாம் இருந்தன. கொடியில் மூன்று செம்புச் சிலுவைகள். பழைய நாளில் அந்தப் பக்கத்தில் செம்பை அந்த வடிவில் வார்த்துப் பணமாகப் புழங்கினார்கள்.

நெடுவழி சொன்ன சுரங்க நிறுவனத்தின் பெயர் யூனியன் மினியேர். காங்கோ மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய வரியையும் உரிமைத்தொகையையும் அது ஷோம்பேயிடம் கட்டியது. இதுதான் விஷயத்தின் ஆணிவேர். அந்தப் பணம் தலைநகர் லியோபோல்ட்வில்லுக்குப் போயிருந்தால் கட்டாங்கா ஆறு மாதம்கூடத் தாங்கியிருக்காது. கூலிப்படைக்குச் சம்பளம், ஃபூகா போர் விமானம், கவச வண்டி எல்லாமே செம்புக் காசு.

#3 சிப்பாய் பேரன்

இதில் இந்தியாவின் பங்கைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லுமும்பா கொலைச் செய்தி வெளியே வந்த பிறகு, 1961 பிப்ரவரி 21-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு தீர்மானம் போட்டது. பெல்ஜிய ராணுவத்தினர், ஐ.நா. கட்டளையில் இல்லாத அந்நியப் படையினர், கூலிப்படையினர் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும், உள்நாட்டுப் போரைத் தடுக்க வேறு வழி இல்லாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம் என்றது. நேரு ஒரு முழு பிரிகேடையே அனுப்பினார். சீன எல்லை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது சின்ன முடிவா?

1961 ஆகஸ்ட் 28 விடிகாலை கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் ஐ.நா. படை அந்நிய அதிகாரிகளைச் சுற்றிவளைத்துப் பிடித்தது. துப்பாக்கிச் சூடே இல்லாமல் பெரும்பாலும் முடிந்தது. ஆனால், மீதிப் பேரைத் தாங்களே ஒப்படைக்கிறோம் என்று வெளிநாட்டுத் தூதர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஐ.நா.வும் பாதியில் நிறுத்திவிட்டது. அந்த ஓட்டை வழியாக நிறையப் பேர் மறைந்துகொண்டார்கள். அதற்கான விலை அடுத்த மாதமே வந்தது. செப்டம்பர் 13-ல் சண்டை மூண்டது. ஜாடோட்வில்லில் நூற்றைம்பது சொச்சம் ஐரிஷ் வீரர்கள் ஐந்து நாள் முற்றுகையில் தாக்குப்பிடித்து, குண்டும் தண்ணீரும் தீர்ந்து சரணடைந்தார்கள். 17-ஆம் தேதி இரவு, ஷோம்பேயிடம் பேசப் போன ஐ.நா. பொதுச்செயலாளர் ஹாமர்ஷெல்டின் விமானம் இண்டோலா அருகே விழுந்தது. அந்த மரணத்தை இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 5-ல் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. எலிசபெத்வில் விமான நிலையப் பாதையில் ஒரு தடுப்பு. எதிரில் தொண்ணூறு பேர் அளவில், இரண்டு கவச வண்டிகள். இவரிடம் இருந்தது பதினாறு கூர்க்கா வீரர்கள். கையெறி குண்டும் குக்ரியும் கொண்டு நேராகப் பாய்ந்து, கழுத்தில் குண்டடிபட்ட பிறகும் விழும்வரை சண்டை போட்டார். வயது 26. ஐ.நா. அமைதிப்படையில் இருந்தபடி பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். ஹோரைப் பற்றி எழுதிக் குவித்ததில் நூறில் ஒரு பங்கு இவரைப் பற்றி எழுதியிருந்தால் போதும்.

1963 ஜனவரியில் கட்டாங்கா பிரிவினை முடிந்தது. ஒழுங்கான ஒரு ராணுவம் உறுதியோடு முன்னேறியதும் கூலிப்படைக்காரர்கள் பாலங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு அங்கோலா பக்கம் போனார்கள்.

#4 கருவேலம்

நெடுவழி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 1964-ஐ விட்டுவிட்டு இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது.

கிழக்குக் காங்கோவின் சிம்பா கிளர்ச்சிக்காரர்கள் ஆகஸ்டில் ஸ்டான்லிவில்லைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்தது என்ன? படித்தவர், எழுத்தர், ஆசிரியர், அரசு ஊழியர் என்று ஆயிரக்கணக்கான காங்கோ மக்களைக் கொன்றார்கள். லுமும்பாவின் நினைவுச் சின்னத்துக்கு முன்னாலேயே மரணதண்டனைகள் நடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் பிணைக்கைதிகள். கன்னியாஸ்திரீகள், மிஷன் மருத்துவர்கள், குழந்தைகள். ஐ.நா. படை அந்த ஜூன் மாதமே நாட்டைவிட்டுப் போய்விட்டது. காங்கோ ராணுவம், குண்டு பாயாது என்று மந்திரத் தண்ணீர் தெளித்த பையன்களைக் கண்டாலே துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியது. அந்த நிலைமையில் யாரை அனுப்பியிருக்க வேண்டும்? சொல்லுங்கள். காட்டுக்குள் சிக்கியிருந்த மிஷன் ஆட்களை அடுத்த மாதங்களில் போய் மீட்டது ஹோர் நடத்திய "5 கமாண்டோ" கூலிப்படைதான். உயிரோடு வந்த அந்தக் குடும்பங்களிடம் "அவர்கள் வெறும் கூலிகள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

#5 நெடுவழி

//அந்த நிலைமையில் யாரை அனுப்பியிருக்க வேண்டும்?//

கருவேலம், சரியான கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்.

நவம்பர் 24-ல் ஸ்டான்லிவில்லில் இறங்கியது பெல்ஜிய அரசின் பாராசூட் படை. அமெரிக்க விமானப்படையின் சி-130 விமானங்களில் வந்தார்கள். ஹோரின் ஆட்கள் இருந்த தரைப்படைப் பிரிவு அன்று சில மணி நேரம் கழித்துத்தான் ஊருக்குள் வந்தது. அந்தப் பிரிவை நடத்தியதும் வாண்டேவால் என்ற பெல்ஜியக் கர்னல். ஆக, அரசுகள் அனுப்ப நினைத்தபோது அரசுப் படையை அனுப்ப முடிந்தது. வெள்ளையர் உயிருக்கு ஆபத்து வந்த அன்று நினைத்தார்கள்.

சிம்பாக்கள் செய்த கொலைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கிளர்ச்சி எங்கிருந்து வந்தது? லுமும்பாவைக் கொன்று, அவர் ஆதரவாளர்களை ஆட்சியிலிருந்து துரத்தி, கடைசியில் அந்தக் கொலையோடு பெயர் ஒட்டிக்கொண்ட ஷோம்பேயையே 1964 ஜூலையில் பிரதமராக்கினார்கள். கிழக்குக் காங்கோ பற்றி எரியாமல் இருக்குமா? ஷோம்பே வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஹோரைக் கூப்பிட்டது. ஜோகன்னஸ்பர்க்கிலும் சாலிஸ்பரியிலும் பத்திரிகை விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார்கள். நிறவெறி ஆட்சி நடந்த ஊரில் விளம்பரம் கொடுத்தால் யார் வருவார்கள்?

வந்தவர்களில் ஒருவர் சீக்ஃப்ரீட் முல்லர். ஹிட்லரின் ராணுவத்தில் வாங்கிய இரும்புச் சிலுவையைச் சட்டையில் குத்திக்கொண்டு காங்கோவில் திரிந்தார். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரியாமல் ஒரு படக்குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து, குடித்துக்கொண்டே சிரித்துச் சிரித்துப் பேசிய பேட்டி இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் சாகசம் என்று எழுத எப்படி மனசு வருகிறது என்று தெரியவில்லை.

மிஷன் ஆட்களை மீட்டார்கள், உண்மை. அதே படை நுழைந்த ஊர்களில் வங்கிப் பெட்டகத்தை வெடிவைத்துத் திறந்ததும் உண்மை, காங்கோ ராணுவத்தோடு சேர்ந்து பழிவாங்கும் கொலைகள் நடந்ததும் உண்மை. மீட்கப்பட்ட வெளிநாட்டவருக்குப் பட்டியல் இருக்கிறது. ஊர்க்காரர்களில் செத்தவர்களுக்கு யாரும் பட்டியல் போடவில்லை.

#6 புதுமுகம்

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சந்தேகம். காட்டில் இருநூறு முந்நூறு பேர் எப்படி இவ்வளவு பெரிய நிலப்பரப்பைப் பிடித்தார்கள்? விமானம் யாருடையது?

#7 சிப்பாய் பேரன்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். விமானம்தான் பாதி வெற்றி. டி-28, பி-26 விமானங்களை ஓட்டியவர்கள் மியாமியிலிருந்து சி.ஐ.ஏ. திரட்டிய கியூபா அகதி விமானிகள். காஸ்ட்ரோவுக்கு எதிராகப் பன்றிகள் விரிகுடாவில் தோற்ற கூட்டம் அது. கிளர்ச்சிக்காரர்களிடம் விமானம் கிடையாது, விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஓரிரண்டு இருந்திருக்கலாம். மேலேயிருந்து சுட்டால் மந்திரத் தண்ணீர் என்ன செய்யும்?

மறுபக்கம் 1965 ஏப்ரலில் சே குவேரா டாங்கனிக்கா ஏரியைத் தாண்டி வந்தார், நூறு சொச்சம் கியூபா வீரர்களோடு. ஏழு மாதம் இருந்துவிட்டு நவம்பரில் கிளம்பினார். கிளர்ச்சித் தலைவர் லோரான் கபிலா முன்னணிக்கே சரியாக வரமாட்டார் என்பது அவருடைய பெரிய மனவருத்தம். ஆக, காங்கோ மண்ணில் இரண்டு கியூபாக்களும் மோதின. சே வந்தது சம்பளத்துக்கு இல்லை, அதனால் அவரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் அழைப்பில்லாமல் அடுத்தவன் போருக்குள் போவதில் உள்ள சிக்கல் அவருக்கும் இருந்தது.

#8 வடமராட்சியான்

அண்ணைமார், இதில் எங்களுக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கு, அதைச் சொல்லாமல் விடமுடியவில்லை. ஆப்பிரிக்காவிலும் ஓமானிலும் பழகின இந்த முறையைத்தான் 1984-க்குப் பிறகு இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். கீனி மீனி சர்வீசஸ் என்று பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்தவர்கள் நடத்தின நிறுவனம். விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது அவர்கள், ஹெலிகொப்டர் ஓட்டினதும் அவர்கள். மட்டக்களப்பில் அந்தப் படை என்ன செய்தது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. 2020-ல்தான் லண்டன் காவல்துறை இதுபற்றிப் போர்க்குற்ற விசாரணை தொடங்கினது. முப்பது வருசத்துக்கு மேல் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அது கசப்பு. 1988 நவம்பர் 3-ல் மாலைத்தீவு ஆட்சியைக் கவிழ்க்கப் போனவர்கள் ஈழத்தமிழ் இயக்கமான புளொட்டின் பொடியன்கள், எண்பது பேரளவில். ஒரு மாலைத்தீவு வணிகருக்காகப் போனார்கள். இந்தியப் பாராசூட் படை வந்து முடித்துவைத்தது. விடுதலைக்கென்று வீட்டைவிட்டுப் போன பிள்ளைகள் அந்நியத் தீவொன்றில் வாடகைத் துவக்காகி நின்றார்கள். வெள்ளைக்காரனுக்கு மட்டும் உரிய நோய் இது என்று நாங்கள் பேசக்கூடாது.

#9 இழைப் பொறுப்பாளர்

மாலைத்தீவு விவகாரத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அதை அங்கே தொடருங்கள். இங்கே ஆப்பிரிக்கா.

#10 கருவேலம்

நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எல்லாரும் காசுக்குப் போனார்கள் என்ற வாதம் அங்கே நிற்காது.

கார்ல் குஸ்தாஃப் ஃபொன் ரோசன், ஸ்வீடன் பிரபு. 1935-ல் முசோலினி எத்தியோப்பியாவைத் தாக்கியபோது அங்கே மருத்துவ விமானம் ஓட்டியவர். 1968-ல் பியாஃப்ராவில் குழந்தைகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது நிவாரண விமானம் ஓட்டினார். நைஜீரிய விமானப்படை வானத்தை அடைத்து வைத்திருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், 1969 மே மாதம் ஐந்து சின்னஞ்சிறு பயிற்சி விமானங்களில் ராக்கெட் பொருத்தி, மரத்தின் உயரத்தில் பறந்து போர்ட் ஹார்கோர்ட் முதலான விமான நிலையங்களைத் தாக்கினார். அறுபது வயதை நெருங்கிய மனிதர். அவரையும் பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவர் பாப் தெனாரையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

#11 கடற்காகம்

கருவேலம், ரோசனின் மனசைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள். மே 22-ல் முதல் தாக்குதல். ஜூன் 5-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் டி.சி.-7 நிவாரண விமானத்தை நைஜீரியப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதோடு செஞ்சிலுவையின் விமானப் போக்குவரத்து நின்றுபோனது. தேவாலய அமைப்புகள் மட்டும் இரவில் தொடர்ந்து ஓட்டின. நிவாரணம் கொண்டுவந்த அதே மனிதர் குண்டும் போட்டால், வானத்தில் வரும் எந்த விமானத்தையும் எதிரி நம்ப மாட்டான். ரோசன் அழித்த விமானங்களைவிட அந்த நம்பிக்கை போனதுதான் பெரிய சேதம் என்பது என் எண்ணம்.

அதே போரில் ரோல்ஃப் ஸ்டைனரும் இருந்தார், பிரெஞ்சு அந்நியப் படையணியிலிருந்து வந்த ஜெர்மானியர். பியாஃப்ராவே அவரைப் பொறுக்கமுடியாமல் 1968-ல் வெளியேற்றியது. அப்புறம் தெற்கு சூடானுக்குப் போய், உகாண்டாவில் பிடிபட்டு, கார்ட்டூம் நீதிமன்றத்தில் நின்றார். மத்திய அரசுத் தரப்புக்கும் கூலி விமானிகள் பறந்தார்கள். அந்தப் போரில் எந்தப் பக்கமும் சுத்தம் கிடையாது.

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன். நான் இந்தியப் பெருங்கடல் தீவுகளின் வரலாற்றைத் தொடர்ந்து படிப்பவன். நெடுவழியின் வாதத்துக்குக் கொமோரோஸைவிடப் பெரிய சான்று வேறு எங்கும் கிடையாது.

1975 ஜூலையில் அகமது அப்தல்லா விடுதலையை அறிவித்தார். நான்கு தீவுகளில் மயோட்டை பிரான்ஸ் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரே மாதத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு. அப்போது அஞ்சுவான் தீவில் இருந்த அப்தல்லாவைப் பிடித்துக் கொடுக்க வந்தவர் பாப் தெனார். பிடித்துக் கொடுத்தது யாருக்கு? புதிதாக ஆட்சிக்கு வந்த அலி சொய்லிக்கு. மூன்று வருடம் கழித்து, 1978 மே 13 அதிகாலையில் அதே தெனார் ஐம்பது பேரோடு மீன்பிடிக் கப்பலில் வந்து இறங்கி, அதே சொய்லியைக் கவிழ்த்து, அதே அப்தல்லாவைப் பாரிசிலிருந்து வரவழைத்து நாற்காலியில் உட்காரவைத்தார். சொய்லி அந்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பி ஓடப் பார்த்தார் என்று வழக்கமான விளக்கம்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம். தெனார் பெயரை மாற்றிக்கொண்டு, மதம் மாறி, உள்ளூரில் மணமுடித்து, அதிபர் காவல்படையைக் கையில் வைத்துக்கொண்டு தீவை ஆண்டார் என்றே சொல்லலாம். அந்தப் படையின் சம்பளம் பிரிட்டோரியாவிலிருந்து வந்தது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்குப் பொருளாதாரத் தடையைச் சுற்றிப்போக ஒரு தீவு தேவைப்பட்டது, மொசாம்பிக்கை ஒட்டுக்கேட்க ஒரு இடம் தேவைப்பட்டது. 1989 நவம்பரில் அப்தல்லா தன் மாளிகையிலேயே சுடப்பட்டார். அறையில் தெனார் இருந்தார். பிரெஞ்சுப் படை வந்ததும் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவைக்கப்பட்டார். பத்து வருடம் கழித்துப் பாரிஸ் நீதிமன்றம் அந்தக் கொலை வழக்கில் அவரை விடுவித்தது.

1995-ல் ரப்பர் படகுகளில் முப்பது சொச்சம் பேரோடு மறுபடியும் வந்தார். இந்த முறை பிரான்ஸ் படையை அனுப்பிப் பிடித்தது. அந்த வழக்கில் பிரெஞ்சு உளவுத்துறையின் பழைய பெரிய அதிகாரிகளே சாட்சிக் கூண்டேறி, அரசு நேரடியாகச் செய்யமுடியாத வேலைகளுக்கு இவரைப் போன்றவர்களை வைத்துக்கொண்டதைச் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

1977 ஜனவரியில் பெனின் நாட்டின் பெரிய நகரமான கோட்டனூவில் இதே தெனார் இறங்கித் தோற்றது தனிக் கதை. அவசரத்தில் விமானம் ஏறியபோது ஆவணப் பெட்டியை ஓடுபாதையிலேயே விட்டுவிட்டார்கள். ஆள் பட்டியல், திட்டம் எல்லாம் ஐ.நா. வரை போனது.

#12 புதுமுகம்

செஷல்ஸில் ஏர் இந்தியா விமானத்தைக் கடத்தியது இவரா? அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

#13 கடற்காகம்

இல்லை, அது ஹோர். 1981 நவம்பர் 25. காங்கோவை விட்டு வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பீர் குடிக்கும் சங்கம் ஒன்றின் சுற்றுலாக் குழு என்று சொல்லிக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் ஸ்வாசிலாந்து விமானத்தில் மாஹே தீவில் இறங்கினார்கள். பொம்மைகளுக்கு அடியில் ஏ.கே.-47. சுங்க அதிகாரி ஒருவர் ஒரு பையில் துப்பாக்கியைக் கண்டுபிடித்ததும் விமான நிலையத்திலேயே சண்டை வெடித்தது.

அந்த நேரத்தில் சாலிஸ்பரியிலிருந்து பம்பாய் போகும் ஏர் இந்தியா போயிங் 707 எரிபொருள் நிரப்ப அங்கே வந்தது. சண்டை நடக்கும் ஓடுபாதையில், இருட்டில் விமானி இறக்கினார். ஹோரின் ஆட்கள் அதில் ஏறி டர்பனுக்குத் திருப்பச் சொன்னார்கள். பயணிகள் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அது விமானி நிதானமாக இருந்ததால்.

டர்பனில் என்ன நடந்தது தெரியுமா? பெரும்பாலானவர்களைத் தென்னாப்பிரிக்க அரசு வழக்கே போடாமல் வீட்டுக்கு அனுப்பியது. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகுதான் விமானக் கடத்தல் வழக்கு. ஹோர் நீதிமன்றத்தில் ஆயுதம் ராணுவம் கொடுத்தது என்றார். செஷல்ஸில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்க உளவுத்துறைக்காரர். ஹோருக்குப் பத்து வருடத் தண்டனை, 1985-ல் விடுதலை.

#14 வழக்கு எண்

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. நான் வழக்கறிஞன், அதனால் இது.

1976 ஜூனில் லுவாண்டாவில் பதின்மூன்று பேர் மீது விசாரணை நடந்தது. பத்துப் பேர் பிரிட்டனிலிருந்து, மூவர் அமெரிக்கர். அங்கோலா உள்நாட்டுப் போரில் எஃப்.என்.எல்.ஏ. என்ற இயக்கத்தின் தரப்புக்குச் சண்டை போட வந்தவர்கள். பலர் வேலையில்லாமல் இருந்த முன்னாள் சிப்பாய்கள். அவர்களை நடத்திய கோஸ்டாஸ் ஜார்ஜியு, "கர்னல் காலன்" என்று தன்னை அழைத்துக்கொண்டவர். சண்டைக்குப் போக மறுத்த தன் சொந்த ஆட்கள் பதினான்கு பேர் சாவதற்கு அவர்தான் பொறுப்பு. அவர் உட்பட நால்வர் ஜூலை 10-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மற்ற ஒன்பது பேருக்கு 16 முதல் 30 வருடம்வரை சிறை.

நால்வரில் டேனியல் கியர்ஹார்ட் என்ற அமெரிக்கரும் ஒருவர். வந்த சில நாட்களில் பிடிபட்டவர். பத்திரிகையில் கூலிப்படை வேலைக்கு விளம்பரம் கொடுத்ததை அவருக்கு எதிரான சான்றாக வைத்தார்கள். அவருக்கு மரணதண்டனை கொடுத்திருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். கூண்டில் நின்றவர்கள் கடன்காரர்களும் வேலையில்லாதவர்களும். அவர்களுக்குச் சம்பளப் பணம் அனுப்பியவர்கள் ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை.

அடுத்த வருடம் ஜெனீவா கூடுதல் நெறிமுறையில் 47-ஆவது பிரிவு வந்தது. கூலிப்படையினருக்குப் போர்க்கைதி உரிமை கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விளக்கத்தில் ஆறு நிபந்தனைகள், ஆறும் ஒரே ஆளிடம் பொருந்த வேண்டும். தனிப்பட்ட லாபம்தான் முக்கிய நோக்கம் என்று நிரூபிக்க வேண்டும். அவர் அந்தத் தரப்பின் ராணுவத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். ஹோர் காங்கோ ராணுவத்தில் முறைப்படி பதவி வகித்த அதிகாரி. அந்தக் காலத்தில் 47-ஆவது பிரிவு இருந்திருந்தாலும் அவர் அதன்படி கூலிப்படைக்காரர் ஆகமாட்டார்! அரசு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

ஆப்பிரிக்க நாடுகள் அதே 1977-ல் லிப்ரவிலில் தங்களுக்கென்று ஓர் ஒப்பந்தம் செய்தன. ஐ.நா. ஒப்பந்தம் 1989-ல் எழுதி 2001-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் அதில் சேரவில்லை. ஆள் அனுப்பிய நாடுகள் சேராத ஒப்பந்தம் யாரைக் கட்டும்?

#15 கருவேலம்

வழக்கு எண் எழுதியது முக்கியமானது. ரோசனைப் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, மிஷன் குடும்பங்களைப் பற்றியும். ஆனால் நெடுவழியிடம் ஒன்று கேட்கிறேன். செத்தவர்கள் யார் என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். கட்டாங்கா ஜாந்தார்ம் வீரர்கள் அதில் எங்கே வருகிறார்கள்? வெள்ளை அதிகாரிகளுக்குக் கீழே சண்டை போட்ட ஆயிரக்கணக்கான கறுப்புச் சிப்பாய்களைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட வரவில்லை.

#16 நெடுவழி

கருவேலம், இந்தக் கேள்வியைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

கட்டாங்கா விழுந்தபோது அவர்களில் பலர் அங்கோலாவுக்குள் போனார்கள். 1964-ல் ஷோம்பே பிரதமரானதும் திரும்பக் கூப்பிட்டுத் தேசிய ராணுவத்தில் சேர்த்தார்கள். 1965 நவம்பரில் மோபுட்டு ஆட்சியைப் பிடித்தார். அவருக்கு இவர்கள்மேல் நம்பிக்கை இல்லை, சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. 1966 ஜூலையில் கிசங்கானியில் கலகம் செய்தார்கள். ஸ்டான்லிவில்லுக்கு அதற்குள் பெயர் மாறியிருந்தது. அந்தக் கலகத்தை அடக்க மோபுட்டுவுக்கு உதவியது யார்? தெனார். முன்பு கட்டாங்காவில் இதே ஆட்களோடு சேர்ந்து சண்டை போட்டவர்.

அடுத்த வருடம் ஜூன் 30-ல் ஷோம்பே பயணம் செய்த விமானம் கடத்தப்பட்டு அல்ஜீரியாவில் இறங்கியது. ஐந்து நாளில், ஜூலை 5-ல், பெல்ஜியத் தோட்ட முதலாளி ஜான் ஷ்ராம் கிளர்ச்சியைத் தொடங்கினார். இந்த முறை தெனாரும் அவர் பக்கம். தெனாருக்குத் தலையில் காயம், ரொடீசியாவுக்குப் பறந்துவிட்டார். ஷ்ராம் நூறு சொச்சம் வெள்ளையர், பல நூறு ஜாந்தார்ம் வீரர்களோடு ருவாண்டா எல்லையில் உள்ள புக்காவு நகருக்குப் போய், ஆகஸ்டிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை பிடித்து வைத்திருந்தார். ஜாந்தார்ம் வீரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், பெண்டு பிள்ளைகளோடு. நவம்பர் ஆரம்பத்தில் எல்லாரும் பாலம் கடந்து ருவாண்டாவுக்குள் போனார்கள்.

அங்கேதான் பிரிந்தது. வெள்ளையர்களை முகாமில் வைத்து, அவர்களுக்காகப் பல நாடுகள் மாதக்கணக்கில் பேரம் பேசி, 1968 ஏப்ரலில் செஞ்சிலுவைச் சங்கம் விமானம் வைத்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஷ்ராம் பின்னாளில் பிரேசிலில் பண்ணை வைத்து வாழ்ந்து செத்தார். கறுப்பு வீரர்களைப் பொதுமன்னிப்பு என்ற வாக்குறுதியோடு அந்த நவம்பரிலேயே காங்கோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டார்கள் என்றே அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒரே போர், ஒரே பாலம்.

#17 பழைய தபால்தலை

அங்கோலாவில் தங்கிவிட்ட ஜாந்தார்ம் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். போர்ச்சுக்கீசியர் அவர்களை அங்கோலா விடுதலைப் போராளிகளுக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள். 1975-ல் போர்ச்சுக்கல் கிளம்பியதும், அங்கோலா ஆட்சியைப் பிடித்த எம்.பி.எல்.ஏ. இயக்கத்தின் பக்கம் சேர்ந்தார்கள். 1977-லும் 1978-லும் கட்டாங்காவுக்குள் படையெடுத்து வந்தார்கள். இரண்டாவது முறை கொல்வேசி சுரங்க நகரத்தையே பிடித்தார்கள். பிரெஞ்சு அந்நியப் படையணி பாராசூட்டில் இறங்கித்தான் மீட்டது. அப்போது அந்த மாகாணத்துக்கு ஷாபா என்று பெயர் மாறியிருந்தது, யூனியன் மினியேர் தேசியமயமாகி ஜெக்காமின் ஆகியிருந்தது, ஆனால் செம்பு அதே செம்பு.

#18 சிப்பாய் பேரன்

அதற்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 1997-ல் மோபுட்டுவைக் கவிழ்க்கக் கிழக்கிலிருந்து வந்த படையின் தலைவர் அதே லோரான் கபிலா. அவருக்கு உதவியாக அங்கோலா விமானத்தில் அனுப்பிவைத்தவர்களில் இந்தக் கட்டாங்காப் "புலிகளும்" இருந்தார்கள், பலர் பழைய வீரர்களின் பிள்ளைகள். கிசங்கானியைக் காப்பாற்ற மோபுட்டு என்ன செய்தார்? செர்பியர்களையும் பிரெஞ்சுக்காரர்களையும் கூலிக்கு எடுத்தார். ஒரு பிரிவை நடத்த வந்தவர் கிறிஸ்டியன் டாவர்னியே, 1960-களில் இதே காங்கோவில் சண்டை போட்ட பெல்ஜியர். அதிக நாள் நிற்க முடியவில்லை. மார்ச் 15-ல் நகரம் விழுந்தது, அதற்கு முன்பே அவர்கள் ஆளாளுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். மே மாதம் மோபுட்டுவும் போனார்.